தாய் சி செய்யும்போது அம்மாவுக்கு முழங்கால் வலி: நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம், அடியைச் சுருக்குங்கள். 79 வயது அம்மாவுக்குத் தாய் சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சி) செய்யும்போது, திரும்பும் அசைவில் வலது முழங்கால் வலிக்கிறது, தள்ளாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வைக்கும் அடியில் பாதி போதும். முழங்காலை லேசாக மடக்கினால் போதும்.

எடை வலது காலில் இருக்கும்போதே திரும்புகிறார் என்று நினைக்கிறேன். பாதம் ஊன்றியிருக்க இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழங்காலிலும் இறங்கும்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. கனமான, சக்கரமில்லாத நாற்காலியின் முதுகைப் பிடித்து நிற்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.
2. எடையை மெதுவாக இடது காலுக்கு மாற்றட்டும்.
3. வலது குதிகாலைத் தூக்கட்டும். உடம்பு ஆடாமல் எழும்பினால் எடை முழுசாக மாறிவிட்டது. அப்புறம் பாதத்தைத் திருப்பலாம். அவர் விரல்களைக் கவனியுங்கள்: நகம் வெளுக்கும் அளவுக்கு நாற்காலியை இறுக்கினால், கால் இன்னும் தயாராகவில்லை.

இன்னொன்று. வீடியோக்களில் அதிகம் வருவது 1956இல் சீனாவில் உருவான 24 அசைவு வரிசை. அதில் ஒற்றைக்காலில் உதைப்பதும் தரையோடு தாழ்வதும் உண்டு. அவை அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம், தயங்காமல் விட்டுவிடுங்கள். அலுப்பான நாளில் உட்கார்ந்தபடி கையசைவு மட்டும் செய்யட்டும்.

முழங்கால் வீங்கியிருந்தாலோ, ராத்திரி படுத்த பிறகும் வலித்தாலோ, எழுந்ததும் தலை சுற்றினாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.