இரட்டைக் கோபுரம் நெய்த ஆப்கன் கம்பளம்

உங்கள் மாமா காபூலில் வாங்கிய கம்பளத்தில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரமும் விமானமும் இருக்கிறதே, 2001 செப்டம்பர் 11 தாக்குதலைக் கொண்டாட நெய்ததா என்று கேட்டீர்கள். இல்லை; பெரும்பாலும் வெளிநாட்டாருக்கு விற்க நெய்தது. அந்தப் படங்கள் வந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. 1979 கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த பிறகு, நெசவாளர்கள் பூக்கள் இருந்த இடத்தில் டாங்கி, ஹெலிகாப்டர், கலாஷ்னிகோவ் துப்பாக்கி என்று கண்ணில் பட்டதையெல்லாம் நெய்தார்கள். 2001-க்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்களும் வாங்க வந்தார்கள்; அதனால் கோபுரமும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

கோபுரத்துக்குக் கீழே பாருங்கள். அமெரிக்க, ஆப்கன் கொடிகளோடு வெள்ளைப் புறா இருக்கிறதா? அமெரிக்க விமானங்கள் வீசிய துண்டறிக்கையில் இருந்து எடுத்த படம் அது என்பார்கள். ஆங்கில எழுத்து தலைகீழாக இருந்தாலும் போலி என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம், அதில் உள்ள தேதி தாக்குதல் நடந்த நாள். கம்பளத்தின் வயதை அதை வைத்துச் சொல்ல முடியாது.