லாப்ரடாருக்கு உதிர்ற முடியை எடுக்கிற சீப்பு: தினமும் போடலாமா?

தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை, 10 நிமிஷம் போதும். தினம் சீவியும் முடி கொட்டுறது நிக்கல, முதுகு வேற சிவந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க. சிவப்புக்குக் காரணம் அநேகமா அந்தச் சீப்பேதான். அதோட உலோகப் பல், உதிரத் தயாரா இருக்கிற அடிமுடியை, அதாவது மேல்முடிக்குக் கீழ இருக்கிற மெத்துனு முடியை, எடுக்கத்தான். அது தீர்ந்த பிறகும் அதே இடத்துல இழுத்தா மேல்முடியை அறுத்து, தோலையும் உரசும்.

சீப்புல வந்த முடியை உள்ளங்கையில வச்சுப் பாருங்க. பஞ்சு மாதிரி மெத்துனு இருந்தா அடிமுடி. நீளமா, விறைப்பா, பாதியில அறுந்த முடி வந்தா உடனே நிறுத்திடுங்க.

சிவப்பு ஆறுற வரைக்கும் எந்தச் சீப்பும் வேண்டாம். அப்புறம் உடம்பு நல்லாக் காய்ஞ்சிருக்கும்போது, முடி படியுற திசையில, அழுத்தாம இழுங்க. வயிறு, முழங்கை, இடுப்பெலும்புப் பக்கம் கொண்டு போகாதீங்க, பாவம், அங்க சுலபமா உரசிடும்.

லாப்ரடாரோட கூட நீங்க வளர்க்கிற ராஜபாளையம் நாய்க்கு இந்தச் சீப்பு தேவையே இல்லை. அதுக்குக் குட்டை முடி, ரப்பர் பிரஷ் போதும்.

வட்ட வட்டமா சொட்டை, ஓயாத சொறிச்சல் இருந்தா கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க, பூஞ்சையாவோ பூச்சியாவோ இருக்கலாம். வெயிலுக்காகன்னு லாப்ரடாருக்கு மொட்டை மட்டும் அடிச்சுடாதீங்க.