சோற்றைப் பகைக்காமல் எடை குறைக்க: வாசகர் கேள்வி - பதில்

உடல் எடை பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை 'எதை விட வேண்டும்?' என்றுதான் கேட்கின்றன. கீழே உள்ள பதில்களில் விடச் சொல்வது குறைவு, அளந்து பார்க்கச் சொல்வது அதிகம்.

வயது 42, உயரம் 157 செ.மீ., எடை 68 கிலோ. மூன்று மாதமாக இரவில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திதான் சாப்பிடுகிறேன். அரை கிலோகூட இறங்கவில்லை. மதியமும் சோற்றை நிறுத்து என்கிறார்கள். அது என்னால் முடியுமா தெரியவில்லை.
- வாசகி, கும்பகோணம்

நிறுத்த வேண்டாம். முதலில் அந்தச் சப்பாத்திக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு சப்பாத்திக்கு 35 முதல் 40 கிராம் மாவு பிடிக்கும். அதில் சுமார் 130 கலோரி. கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டால் இன்னும் 40. மூன்று சப்பாத்திக்கே 500 கலோரி ஆகிவிடுகிறது. தொட்டுக்கொள்ள தேங்காய் அரைத்த உருளைக்கிழங்குக் குருமா என்றால் அது தனிக்கணக்கு. 100 கிராம் வெந்த சோற்றில் இருப்பது 130 கலோரிதான். சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாறியவர்களுக்கு எடை இறங்காமல் போவதற்குக் காரணம் இதுவே. தானியம் மாறியது, அளவு மாறவில்லை, எண்ணெய் கூடியது.

மதியச் சாப்பாட்டில் சோறு ஏறுவது சுற்றுக்கணக்கில். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. தட்டில் குழம்பு மிஞ்சிவிட்டால் அதைத் துடைக்க இன்னொரு கரண்டி. ஒவ்வொரு முறையும் 'கொஞ்சம்தான்' போட்டுக்கொள்கிறோம். மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரிவதில்லை. எனவே மூன்று நாள் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் பாருங்கள். 200 மில்லி டம்ளரில் சோற்றை அழுத்தாமல் நிரப்பினால் சுமார் 130 கிராம், 170 கலோரி. மூன்று டம்ளர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டாக்குங்கள். ஒரேயடியாக ஒன்றாக்கினால் நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பீர்கள்.

இரண்டு டம்ளர் சோற்றையும் சாப்பிட உட்காரும்போதே தட்டில் போட்டுக்கொண்டு, பாத்திரத்தை மூடி அடுப்பங்கரையிலேயே வைத்துவிடுங்கள். முதலில் கூட்டும் பொரியலும் பாதியளவு சாப்பிட்டு, பிறகு சோற்றில் கை வையுங்கள். குழம்புக்கு ஒன்றேகால் டம்ளர், மோருக்கு முக்கால். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம். பொரியல், கூட்டு இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய கிண்ணம், அதாவது 200 கிராம் காய் இருக்க வேண்டும். ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கும் பொரியல் வயிற்றுக்குப் போதாது. இங்கே உருளையும் சேனையும் காய்க் கணக்கில் வராது.

இன்னொரு ஓட்டை பருப்பு. நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம்தான் கிடைக்கும். புரதம் குறைந்தால் சீக்கிரம் பசிக்கும். பருப்பை 150 கிராம் ஆக்கிச் சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள். அல்லது ஒரு முட்டை (6 கிராம் புரதம்), ஒரு துண்டு மீன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளர் சோறும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும் குறைந்தால் நாளுக்கு 250 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, தொடக்கத்தில் மாதம் முக்காலிலிருந்து ஒரு கிலோ இறங்கலாம். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 27.6. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். ஆனாலும் முதல் இலக்கு 23 அல்ல. எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ. நாலைந்து மாதத்தில் அது இறங்கினாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

எங்கள் வீட்டில் ரீஃபைண்ட் எண்ணெய் வாங்குவதே இல்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலெண்ணெயும்தான். அதுவும் எடை போடுமா?
- வாசகி, விருதுநகர்

போடும். செக்கு எண்ணெய், ரீஃபைண்ட், வீட்டில் உருக்கிய நெய் எல்லாம் ஒன்றுதான். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 120. செக்கு எண்ணெயில் மணமும் ருசியும் உண்டு, அதற்காக வாங்கலாம். நல்ல எண்ணெய்தானே என்று கை தாராளமாவதுதான் சிக்கல்.

அளக்க எளிய வழி: புது எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் எத்தனை லிட்டர் தீர்ந்தது என்று பார்த்து ஆள் கணக்கில் வகுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு 30 கிராம் எண்ணெய் உள்ளே போகிறது. கடையில் வாங்கும் வடை, மிக்சர், பரோட்டா இதில் சேராது. ஆளுக்கு முக்கால் லிட்டருக்குள் கொண்டுவரப் பாருங்கள். முதல் மாதம் கால் பங்கு குறைத்தால் ருசியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

குறைப்பது எங்கே? பாக்கெட்டிலிருந்து நேரே வாணலியில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். அடுப்புப் பக்கம் ஒரு தேக்கரண்டி வையுங்கள். நாலு பேருக்கான பொரியலைத் தாளிக்க இரண்டு தேக்கரண்டி போதும். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். அரைவேக்காடு ஆவியில் வைத்துவிட்டு வதக்கினால் பாதி எண்ணெயில் முடியும். வாழைக்காய், உருளை வறுவலுக்கும் இதே முறை. தோசையைச் சுற்றி ஊற்றுவதற்குப் பதில், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்துவிட்டு, மூடி போட்டு வேக வையுங்கள். அப்பளம் பொரித்த எண்ணெய் மிஞ்சிவிட்டதே என்று மறுநாள் குழம்பில் கொட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. அப்பளத்தைச் சுட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

ஆறு மாதமாகத் தினை, சாமை, கேழ்வரகு என்று மாறிவிட்டேன். எடை அப்படியே இருக்கிறதே?
- வாசகர், ஈரோடு

100 கிராம் பச்சரிசியில் 350 கலோரி என்றால் கேழ்வரகில் 320 சொச்சம். மற்ற சிறுதானியங்களும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். நார்ச்சத்தும், கேழ்வரகில் கால்சியமும் கூடுதல் என்பது உண்மை, அதனால் மாறியது வீண் இல்லை. ஆனால் எடையைத் தீர்மானிப்பது அளவு. நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கேழ்வரகுக் கஞ்சியில் நாட்டுச்சர்க்கரை, தினையில் நெய் மிதக்கும் பொங்கல் என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவும் கலோரியில் சீனிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை.

தினமும் காலையில் முக்கால் மணி நேரம் பூங்காவில் நடக்கிறேன். வயது 50, எடை 70 கிலோ. ஒரு வருடமாகியும் முள் அசையவில்லை. நடந்து என்ன பயன் என்று சலிப்பாக இருக்கிறது.
- வாசகர், தாம்பரம்

70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 180 கலோரி. அதில் 50 கலோரி சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மிச்சம் 130. பூங்கா வாசலில் நண்பர்களோடு இரண்டு சர்க்கரை போட்ட டீயும் ஒரு மெதுவடையும் சாப்பிட்டால் அது தீர்ந்து, கடனும் ஏறிவிடும். அந்தப் பழக்கம் இல்லையென்றால், நடந்த பசியில் ஒரு இட்லி கூடுகிறதா என்று பாருங்கள்.

ஆனால் நடையை நிறுத்திவிடாதீர்கள். சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு மாற்றமும் நடையும் சொல்லித்தரப்பட்டன. மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை சொல்லும்படி குறையவில்லை. முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது.

இப்போது நடையைக் கொஞ்சம் திருத்துவோம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். முக்கால் மணியில் அரை மணி காலையில், மீதியை மதியமோ இரவோ சாப்பிட்டு முடித்ததும் நடந்தால் சர்க்கரை சட்டென ஏறுவது மட்டுப்படும். ஐம்பது வயதில் தசை கரையத் தொடங்கியிருக்கும், நடை மட்டும் அதைக் காப்பாற்றாது. வாரம் இரண்டு நாள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றிப் பத்து முறை தண்டால் எடுங்கள். இரண்டையும் மூன்று சுற்று. முட்டி வலித்தால் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மாலை நாலு மணிப் பசியை அடக்கவே முடியவில்லை. வீட்டில் சீடை, முறுக்கு எப்போதும் இருக்கும்.
- வாசகி, காரைக்குடி

அடக்க வேண்டியதில்லை, அந்த நேரத்துக்கு ஏதாவது தயாராக இருக்க வேண்டும். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் நூறு கிராமுக்கு மேல் வரும். சுமார் 180 கலோரி, 9 கிராமுக்குக் குறையாமல் புரதம். மூன்று நாளைக்கானதை ஒரே தடவையாக வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், நாலு மணிக்குத் தாளிப்பதுதான் பாக்கி. தேங்காய்ப்பூ ஒரு தேக்கரண்டியோடு நிற்கட்டும். தோலோடு வேகவைத்த நிலக்கடலையும் நல்லதே. உரித்து உரித்துச் சாப்பிடுவதால் கை மெதுவாகப் போகும். உரித்து வறுத்த கடலை என்றால் 30 கிராமிலேயே 170 கலோரி.

சீடை டப்பாவைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. பரணில் வையுங்கள். ஏணி போட்டு எடுக்கும் அளவுக்கு ஆசை இருந்தால் இரண்டு சாப்பிடுங்கள்.

கொள்ளு ரசமும், தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரும் கொழுப்பைக் கரைக்குமா?
- வாசகர், சேலம்

கரைக்காது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியில் ஒரு நியாயம் உண்டு: கொள்ளில் புரதமும் நாரும் அதிகம், வயிறு நிறையும். அது முழுக் கொள்ளைச் சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிட்டால்தான். வடித்த தண்ணீரில் வைத்த ரசத்தில் அது இல்லை. தேன் ஒரு தேக்கரண்டிக்கு 20 கலோரி கூட்டும், அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் நாலு கிலோ குறைந்தேன். அதன் பிறகு ஆறு வாரமாக அதே எடை. சாப்பாட்டை இன்னும் குறைக்கட்டுமா?
- வாசகி, மதுரை

உடனே குறைக்காதீர்கள். உடம்பு சிறிதானதும் அதற்குத் தேவையான கலோரியும் குறையும். முதல் மாதம் கிடைத்த மிச்சம் இப்போது கிடைக்காது. அதோடு, முதல் மாதம் அளந்த கை மூன்றாம் மாதம் கண்ணளவுக்கு வந்திருக்கும். ஒரு வாரம் மறுபடி டம்ளரையும் தேக்கரண்டியையும் எடுங்கள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவதையும், சமைக்கும்போது ருசி பார்ப்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலும் காணாமல் போன கலோரி அங்கே அகப்படும்.

எடை பார்ப்பதிலும் பிழை வரலாம். முந்தைய நாள் கருவாட்டுக் குழம்போ ஊறுகாயோ சாப்பிட்டிருந்தால் உப்பு நீரைப் பிடித்து வைக்கும், ஒரு கிலோ வரை கூடிக் காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படியே. காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் பாருங்கள். ஒரு நாள் எடையைப் போன மாதம் அதே வாரத்து எடையோடு ஒப்பிடுங்கள். கூடவே இடுப்பையும் அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சு விட்ட பிறகு, வயிற்றை எக்காமல். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை நின்று இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம். இரண்டும் நின்றுவிட்டால் நடையில் ஒரு கால் மணி நேரம் கூட்டுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறார். எடை குறைய இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். இரண்டு முறை விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கியது. இது எதனால்?
- வாசகி, திருநெல்வேலி

ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வேளையை விட்டால் ஆபத்து. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இன்றிலிருந்தே இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கட்டும்: இரண்டு மூன்று இட்லி, சாம்பார் போதும். இரண்டு முறை நடந்ததையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டு அளவைக் குறைப்பதாக இருந்தால் மாத்திரை அளவையும் அவர்தான் மாற்றித் தர வேண்டும், நீங்களாகப் பாதியாக்கக் கூடாது.

மறுபடி அப்படி நடந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது கருவி கையில் இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஒரு இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள், இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.