சாயம் போடாத செல்லில் டிஜிட்டல் ஹாலோகிராபி எதைக் காட்டும்?

சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாத எது டிஜிட்டல் ஹாலோகிராபியில் (லேசர் அலையைக் கேமராவில் பதிந்து, கணினியில் உருவத்தை மீட்கும் முறையில்) தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளியியல் ஆய்வகத்தில் எனக்கு இந்தக் கருவியோடுதான் வேலை. ஒரே ஒரு ரத்தச் சிவப்பணுவை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு லேசருக்குச் சிவப்பணு கிட்டத்தட்ட கண்ணாடிதான். ஒளியைப் பெரிதாக உறிஞ்சாது. ஊடே போகும் அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கேமராவுக்கோ வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும், இந்தத் தாமதம் தெரியாது. அதனால் லேசர் கற்றையை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒன்று செல் வழியாக வரும், இன்னொன்று எதையும் தொடாமல் வரும். இரண்டையும் சற்றுச் சாய்வாகக் கேமராவில் சேர்த்தால் நெருக்கமான குறுக்கீட்டு வரிகள் (இரண்டு அலைகள் கலப்பதால் வரும் வெளிச்ச, இருட்டுக் கோடுகள்) விழும். செல் இருக்கும் இடத்தில் மட்டும் அந்த வரிகள் லேசாக வளைந்து போகும். தாமதம் முழுக்க அந்த வளைவில்தான் இருக்கிறது. ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறையைப் போட்டுக் கணினி அதைப் பிரித்தெடுத்துவிடும்.

எவ்வளவு தாமதம்? சிவப்பணுவின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு மெதுவாக்கும் என்ற அளவு) சுமார் 1.40, சுற்றியுள்ள திரவத்துக்குச் சுமார் 1.34. தடிமன் 2 மைக்ரான் என்றால் பாதை வித்தியாசம் 120 நானோமீட்டர். 633 நானோமீட்டர் அலையில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் நடுவில் குழிந்து ஓரம் தடித்த அந்த வடிவம் மேடுபள்ளத்தோடு திரையில் வந்து நிற்கும். ஒரு சொட்டுச் சாயம் வேண்டாம், செல்லும் உயிரோடு இருக்கும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: படம் எடுத்த பிறகும் ஃபோகஸை மாற்றலாம். வெளிச்சமும் தாமதமுமாக அலை முழுதாகக் கையில் இருப்பதால், அதைக் கணக்கிலேயே முன்னும் பின்னும் நகர்த்தி எந்த ஆழத்தையும் தெளிவாக்கலாம். நீரில் நீந்தித் திரியும் மிதவை உயிரிகளைப் பின்தொடர்பவர்களுக்கு இது பெரிய வரம்.

டென்னிஸ் காபோர் 1948-இல் ஹாலோகிராபியை முன்வைத்ததே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை மேம்படுத்தத்தான். 1971-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பிலிமைக் கழுவும் வேலை இல்லாமல் சிசிடி என்ற மின்னணு கேமராவில் நேராகப் பதிவு செய்து, கணினியில் உருவத்தை மீட்கும் முறையை ஷ்னார்ஸ், யூப்ட்னர் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள்.

சரி, எங்கே இடறும்? ஒரு பதிவில் கிடைப்பது தடிமனும் ஒளிவிலகல் எண் வித்தியாசமும் பெருக்கிய அளவு. செல் உப்பியதா, உள்ளே புரதம் கூடியதா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாதை வித்தியாசம் ஓர் அலைநீளத்தைத் தாண்டினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதைச் சரிசெய்யும் மென்பொருள் செங்குத்தான ஓரங்களில் தடுமாறும். லேசர் ஒளியால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் விழும் இரைச்சலும் உண்டு.

குறிப்பிட்ட ஒரு புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறீர்களா? ஒளிரும் சாயத்தைப் புரதத்தில் ஒட்டிப் பார்க்கும் ஒளிர்சாய மைக்ராஸ்கோப்புக்கே போங்கள். உயிருள்ள செல் மணிக்கணக்கில் எப்படி வளர்கிறது, உருமாறுகிறது என்று அளக்க வேண்டுமானால், நான் தயங்காமல் ஹாலோகிராபியைத்தான் சொல்வேன்.