குளிர்ந்ததெல்லாம் குளிர்ச்சி ஆகாது

கேள்வி: எனக்கு வயது 36. கணினி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு வருடமாக உடம்புச் சூடு பாடாய்ப் படுத்துகிறது. மாதம் இரண்டு முறையாவது வாய்ப்புண் வருகிறது. கண், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் எரிச்சல். முடியும் கொட்டுகிறது. காலையில் வெறும் வயிற்றில் தயிரில் ஊறவைத்த வெந்தயம், பகலெல்லாம் ஃபிரிட்ஜ் தண்ணீர், ராத்திரி தயிர் சாதம் என்று குளிர்ச்சியாகத்தான் சாப்பிடுகிறேன். காலை டிபனுக்கு நேரமில்லை, காபிதான். ஒரு நாளைக்கு நாலு ஆகிவிடும். மதியம் புளிக்குழம்பு, ஊறுகாய். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு, தூக்கம் பன்னிரண்டரைக்கு. ஞாயிறு தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மதியம் நன்றாகத் தூங்குகிறேன். எதிலும் சூடு தணியவில்லை. கோபமும் கூடிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்துவிட்டு அப்புறம் வருந்துகிறேன். இது என் சுபாவமா, உடம்புக் கோளாறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குளிர்ச்சி என்று நீங்கள் சாப்பிடுபவற்றில் தயிரும் வெந்தயமும் ஆயுர்வேதக் கணக்கில் சூடு. ஃபிரிட்ஜ் தண்ணீர் பசித்தீயைக் கெடுக்கும். இரண்டு வருடமாகப் பலன் தெரியாததற்குக் காரணத்தை இங்கிருந்தே தேட ஆரம்பிக்கலாம்.

ஒரு பொருள் கைக்குச் சில்லென்று இருப்பது வேறு, உடம்புக்குள் போய் அது செய்யும் வேலை வேறு. அந்த வேலைத் திறனைத்தான் ஆயுர்வேதம் வீரியம் என்கிறது. தயிர் உஷ்ண வீரியம். செரிக்கும்போதும் புளிப்பாகவே மாறி, நாம் ‘சூடு’ என்கிற பித்தத்தைக் கூட்டும். இரவில் தயிர் கூடாது, சூடாக்கிச் சாப்பிடக் கூடாது, கோடையிலும் மழைக்காலத்துக்கு அடுத்து வரும் சரத் காலத்திலும் வேண்டாம் என்று அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் தெளிவாகவே சொல்கிறது. வெந்தயம் நம் வீடுகளில் குளிர்ச்சிக்குப் பேர் போனது, மறுக்கவில்லை. ஆனால் ஆயுர்வேத நூல்கள் அதை உஷ்ணம் என்றே வகைப்படுத்துகின்றன. இரண்டு வருடம் சாப்பிட்டும் பலன் இல்லை என்று உங்கள் உடம்பே சொல்லும்போது நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

உணவுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. உள்ளங்கால் எரிச்சல், அடிக்கடி வாய்ப்புண், முடி உதிர்தல் மூன்றும் சேர்ந்து வந்தால் எல்லாவற்றையும் ‘சூடு’ என்று மூட்டை கட்டிவிடக் கூடாது. பி12 குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, சர்க்கரை, தைராய்டு ஆகியவையும் இப்படித்தான் முகம் காட்டும். இந்த நான்குக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சலோ இடுப்பு வலியோ வந்தால், மலம் கறுத்துப் போனால், ஒரே புண் மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று: ஆயுர்வேதம் சொல்லும் சூடு தெர்மாமீட்டரில் ஏறாது. அதில் 38 டிகிரி செல்சியஸ் காட்டினால் அது காய்ச்சல்.

இப்போது பித்தத்துக்கு வருவோம். பித்தம் சூடானது, கூர்மையானது, கொஞ்சம் பிசுக்குள்ளது, நீர்த்து ஓடக்கூடியது. ‘நீர்த்து ஓடுவது’ என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் அடுப்பு அணைந்துதானே போகும்? பித்தம் மிஞ்சினால் பசித்தீக்கும் அதே கதிதான் என்கிறது சரகம் என்ற ஆயுர்வேத மூலநூல். நெஞ்சும் வாயும் எரியும். ஆனால் சாப்பிட்டது செரிக்காமல் கிடக்கும். இந்த நிலையில் மேலும் மேலும் குளிர்ந்ததை உள்ளே தள்ளினால் மிச்சமிருக்கும் தீயும் போய்விடும். காலையில் நாக்கில் வெள்ளையாகப் படிகிறதா, உடம்பு கனக்கிறதா, பசி மந்தமா என்று பாருங்கள். ஆம் என்றால் குளிர்ச்சி ஏற்கெனவே அளவு மீறிவிட்டது.

அதனால் முதலில் திருத்த வேண்டியது நேரம். நடுப்பகல் பத்திலிருந்து இரண்டு வரை பித்தத்தின் பொழுது. நடு இரவிலும் அப்படியே. காலையில் எட்டரைக்குள் எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். புது மாவில் இரண்டு இட்லி போதும்; மூன்றாம் நாள் புளித்த மாவு வேண்டாம். பெரிய சாப்பாடு மதியம் ஒரு மணிக்குள் முடியட்டும். இரவு எட்டு மணிக்குள் பாதி வயிறு. வேலை பத்து வரை இழுக்கும் என்றால் ஏழு மணிக்கே அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இளஞ்சூட்டில் ஒரு டம்ளர் பால் குடியுங்கள். பதினொரு மணிக்குள் படுக்கை. இதைச் செய்யாமல் மீதி எதைச் செய்தாலும் அரைகுறைதான்.

காபியை ஒரேயடியாக விட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும், மூன்றாம் நாள் திரும்பப் போய்விடுவீர்கள். பழகிய தீங்கைக் கால் காலாகக் குறைக்கச் சொல்வது ஆயுர்வேத முறை. நாலு காபி என்பதால் உங்களுக்குக் கணக்கு சுலபம். முதல் வாரம் கடைசிக் காபியை நிறுத்துங்கள், அடுத்த வாரம் இன்னொன்று. காலை டிபனுக்குப் பிறகு குடிக்கும் ஒன்று மட்டும் மிஞ்சட்டும். வெறும் வயிற்றில் காபி கூடவே கூடாது.

இனிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றும் பித்தத்தைத் தணிக்கும்; புளிப்பு, உப்பு, காரம் ஏற்றும். விதிவிலக்குகளில்தான் தடுமாறுகிறோம். நெல்லிக்காய் புளிக்கும், ஆனாலும் பித்தத்துக்கு அதைப் போல வேறில்லை. (அதையே மிளகாய்ப்பொடியில் புரட்டி ஊறுகாய் போட்டால் கதை மாறிவிடும்.) மாதுளையும் அப்படித்தான். தேன் இனிக்கும், ஆனால் பித்தத்தைத் தணிக்க அதை நம்ப முடியாது. பருப்பில் பாசிப்பருப்புக்கு முதலிடம். கொள்ளு வேண்டாம், உளுந்தைக் குறையுங்கள்.

புளிக்குழம்பை வாரம் இரண்டு நாளாக்கி, அன்றைக்கும் எலுமிச்சை அளவுப் புளியை நெல்லிக்காய் அளவாக்குங்கள். மற்ற நாட்களில் புடலை, பீர்க்கு, வெண்பூசணி, சுரைக்காய் என ஏதாவது ஒன்றில் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு. மிளகாயைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மல்லியும் கொஞ்சம் சீரகமும். சுரைக்காயை நறுக்கும்போதே ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் வீசிவிடுங்கள். அதிலுள்ள குகர்பிடாசின் என்ற நச்சு கடுமையான வாந்தி, பேதி, ரத்த வாந்தி வரை கொண்டுபோகும், வேகவைத்தாலும் போகாது. பச்சைச் சுரைக்காய்ச் சாற்றைச் சிபாரிசு செய்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மதியச் சாதத்தின் முதல் கவளத்தில் ஒரு டீஸ்பூன் நெய். பித்தத்துக்கு நெய்யைவிடச் சிறந்த கொழுப்பு கிடையாது. கொலஸ்ட்ரால் கூடுதல் என்று தெரிந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தயிருக்குப் பதில் மோர்: அன்றைக்கு உறைந்த, புளிக்காத தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. மத்தால் நன்றாகக் கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டு, மல்லித்தழை கிள்ளிப் போட்டு, உப்பைக் குறைத்து, மதியம் மட்டும். தயிரில் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் கலக்கினால் நீர்த்த தயிர்தான் கிடைக்கும். கடைவதில்தான் மோர் லேசாகிறது.

காலையில் வெந்தயம் இருந்த இடத்துக்குக் கொத்தமல்லி விதை ஊறல். இரண்டு டீஸ்பூன் மல்லியை ஒன்றிரண்டாக இடித்து, அதைப் போல ஆறு மடங்கு தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். கொதிக்கவைக்கக் கூடாது. காலையில் கசக்கி வடிகட்டி, கொஞ்சம் கற்கண்டு சேர்த்துக் குடியுங்கள். மலச்சிக்கலும் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மல்லிக்குப் பதில் பத்துப் பதினைந்து கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்துப் பிசைந்து குடிக்கலாம். சர்க்கரை இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் கற்கண்டும் திராட்சையும் வேண்டாம். ஃபிரிட்ஜ் தண்ணீருக்குப் பதில் மண்பானையில் ஒரு முடிச்சு வெட்டிவேர் போட்ட தண்ணீர். வேரை மூன்று நாளுக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து, வாசனை போனதும் மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டில் அதிமதுரம் சொல்வார்கள். பித்தத்துக்கு நல்லதுதான், ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள். இளநீர் வாரம் இரண்டு மூன்று, முற்பகலில். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது.

எண்ணெய்க் குளியலைக் கெடுப்பது நீங்கள் போடும் மதியத் தூக்கம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கினால் உடம்பு கனத்து, தலையில் நீர் கோத்துக்கொள்ளும். வெயிலில் அலைவதும் ஆகாது. காலை எட்டு மணிக்குள், வெறும் வயிற்றில், நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை தேயுங்கள். 20 முதல் 30 நிமிடம் போதும். இரண்டு மணி நேரம் ஊறுவதால் கூடுதல் பலன் இல்லை. நல்லெண்ணெய் உங்களுக்குச் சூடு என்று தோன்றினால் தேங்காயெண்ணெய். உடம்புக்கு வெந்நீர் ஊற்றலாம், தலைக்கு ஆறிய நீர்தான். தலையில் வெந்நீர் விழுவது கண்ணுக்கும் முடிக்கும் கெடுதல் என்பது பழைய விதி. சீயக்காயோ பாசிப்பயற்று மாவோ தேய்த்து அலசுங்கள். சளி, காய்ச்சல், அஜீரணம் இருக்கும் நாட்களில் எண்ணெய் வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலில் ஐந்து நிமிடம் நெய் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டுப் படுத்தால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் இதம்.

கடைசியாகக் கோபம். பிறவியிலேயே அமைந்த உடல்வாகு, அதாவது பிரகிருதி, மாறாது. இடையில் ஏறிய கோளாறு, அதாவது விகிருதி, மாறும். சின்ன வயதிலேயே பசி தாங்காதவராக, சட்டென்று முகம் சிவப்பவராக இருந்தீர்களா? அப்படியானால் உங்கள் பிரகிருதியிலேயே பித்தம் தூக்கல். கூர்மையான புத்தியும் அந்தக் கணக்கில் வந்ததுதான். இரண்டு வருடமாகத்தான் இந்தக் கோபம் என்றால் அது ஏறியது, இறங்கும். ஒரு வாரம் எந்த நேரத்தில் எரிந்து விழுந்தீர்கள், கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று மட்டும் குறித்துவையுங்கள். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் என்பது என் ஊகம். அப்படியானால் வேலை முடிந்து கிளம்பும்போதே ஒரு வாழைப்பழம், பிறகுதான் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்ப்பது.

சீதளி மூச்சுப்பயிற்சியும் உதவும். நாக்கைக் குழல்போல மடித்து வாயால் மெல்ல இழுத்து, வாயை மூடி, மூக்கால் விடுங்கள். காலையும் மாலையும் பத்து முறை. நாக்கு மடியாவிட்டால் பற்களைச் சேர்த்துவைத்து அந்த இடுக்கு வழியாக இழுக்கலாம். ஆஸ்துமா, சளி, குறைந்த ரத்த அழுத்தம் இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டு வேலை முழுக்க உங்கள் ஒருவர் தலையில்தான் விழுகிறது என்றால், அந்தக் கோபத்துக்கு வெண்பூசணியில் மருந்து இல்லை. அதை வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

மூன்று வாரம் இப்படி இருந்து பாருங்கள். முதலில் தூக்கமும் கை கால் எரிச்சலும் மாறும், வாய்ப்புண் இடைவெளி விட ஆரம்பிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும், முடிக்கு இன்னும் நாளாகும். மூன்று வாரத்தில் எரிச்சல் துளியும் குறையாவிட்டால், ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அந்தக் கோபக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு தகுதி பெற்ற ஆயுர்வேத மருத்துவரை நேரில் பாருங்கள்.