எரிகிற கால், உணராத கால்: நரம்பு பற்றிய வாசகர் கேள்விகள்

தோசைக்கல்லில் விரல் பட்டால் கை முதலில் விலகுகிறது, எரிவு பிறகுதான் தெரிகிறது. ஏன்? (தெமட்டகொடை)

கையை இழுக்கும் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. சூட்டுச் செய்தி முண்ணாணை (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) எட்டியதுமே அங்கிருந்து தசைக்கு உத்தரவு போய்விடும். வலியைக் கொண்டுபோகும் நார்களும் இரண்டு வகை. மெல்லிய உறை உள்ளதில் செய்தி விநாடிக்கு 5 முதல் 30 மீற்றர் ஓடும். 'சுரீர்' என்பது அது. உறையில்லாததில் ஏறத்தாழ 1 மீற்றர்தான். பின்னால் வந்து நின்று எரிவது அது.

பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், மணிக்கூட்டைப் பார்த்து. எரிவு தணிந்ததென்று இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறவர்களே அதிகம். உள்ளே இறங்கிய சூடு அதற்குள் ஆறியிருக்காது. மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசையும் ஐஸ் கட்டியும் வேண்டாம்.

அம்மாவுக்கு நெடுங்காலமாகச் சலரோகம். இரவில் பாதம் நெருப்பாய் எரிகிறதாம். ஆனால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறார். ஆடிவேல் ஊர்வலத்துக்கு வெறுங்காலுடன் போகலாமா? (கொட்டாஞ்சேனை)

போகக் கூடாது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை வெயிலில் கொதிக்கிற தார் றோட்டு. கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது.

எரிவும் விறைப்பும் ஒரே பழுதின் இரண்டு முகம். சீனி கூடிய இரத்தம் உடம்பின் மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்குகிறது. அதனால்தான் தொடக்கம் கால்விரல் நுனியில். சிதைந்த நார்கள் தொடுகையைச் சரியாக அனுப்பாது. அதேவேளை, ஒன்றுமே படாதபோது தாமாகவே சமிக்ஞை எழுப்பும். மூளைக்கு அது எரிவு. பனடோல் இதற்குப் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரெகபலின் போன்றவற்றை மருத்துவர்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

கிளினிக்கில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இழை வளையும்வரை அழுத்தியும் தெரியவில்லை என்றால் காயம் படாமல் காக்கும் உணர்வு போய்விட்டது. சலரோகக் குளிசையான மெட்போமினைப் பல வருடமாக எடுப்பவராயின் விற்றமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும். அது குறைந்தாலும் விறைக்கும், அது திருத்தக்கூடியது.

வீட்டில் தினமும் இரவு பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் வேறொருவர் பார்க்கட்டும். செருப்பை மாட்டுமுன் உதறுங்கள். வியர்வை நரம்பும் கெடுவதால் குதிக்கால் வறண்டு வெடிக்கும். கிறீம் பூசலாம், விரலிடுக்கில் பூசக் கூடாது. சுடுதண்ணீர்ப் போத்தல் ஒத்தடம் அறவே வேண்டாம்.

இடித்த இடத்தைத் தேய்த்தால் வலி குறைவது மனப்பிரமையா? (வெள்ளவத்தை)

இல்லை. தொடுகை நார்கள் வேகமானவை. முண்ணாணில் அவை வலிச் செய்தி மேலே போகும் வாசலை ஓரளவு அடைக்கின்றன. வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வோலும் 1965இல் சொன்ன விளக்கம் இது. நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. எலும்பு முறிந்த சந்தேகம் இருந்தால் மட்டும் தேய்க்காதீர்கள்.

அப்பா படுக்கையால் எழும்பினால் தலை சுற்றுகிறது. பிரஷர் நோர்மல் என்கிறார்கள். (மட்டக்குளி)

இருந்தபடி அளந்திருப்பார்கள். 5 நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுப்பி நிறுத்தி 1ஆம், 3ஆம் நிமிடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் காரணம். எழும்பும்போது அரை லீற்றர் அளவு இரத்தம் கீழே இறங்கும். கழுத்துத் தமனியிலுள்ள உணரிகள் அதை அறிந்து, தானியங்கி நரம்புகள் வழியே குழாய்களை இறுக்க வேண்டும். வயதும் சலரோகமும் இதை மந்தமாக்கும். சிறுநீர் போக்கும் குளிசையும் புரொஸ்டேட் குளிசையும் மோசமாக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் குளிசைப் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள். அதுவரை கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் இருந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழும்பட்டும்.

மாரடைப்பில் இடது கை ஏன் வலிக்கிறது? (பம்பலப்பிட்டி)

இதயத்தின் வலி நார்களும் கையின் உட்புறத் தோலின் நார்களும் முண்ணாணின் ஒரே பகுதியில் சேர்கின்றன. தோலிலிருந்து செய்தி வந்தே பழகிய மூளை பழியைக் கையில் போடுகிறது. தாடையிலும் முதுகிலும் வலது கையிலும்கூட வரலாம். நீண்டகாலச் சலரோகக்காரருக்கு வலியே இல்லாமல் திடீர் மூச்சுவாங்கலும் குளிர்ந்த வியர்வையுமாக மட்டும் வரலாம். இவற்றில் எது வந்தாலும் வாயுவென்று சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.