மிச்சம் பிடித்த நேரம் எங்கே போகிறது?

கேள்வி: காலை 5 மணிக்கு எழுந்துவிடுகிறேன். மனைவி காபியும் கையுமாக நிற்பார், அதனால் அங்கே ஒரு நிமிடம்கூட வீணாவதில்லை. யூடியூப் வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். மதியச் சாப்பாடு கம்ப்யூட்டர் முன்னால்தான். அரை மணிக்கு ஒரு வேலை என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இருந்தும் இரவு படுக்கும்போது, நாள் எங்கே போனது என்றே தெரியவில்லை. நமக்கு நேரம் இருக்கிறது என்ற உணர்வு வர என்ன பழக்கம் வைத்துக்கொள்ளலாம்? நல்ல ஆப் இருந்தாலும் சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்: ஆப் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அதைத் திறந்து, முடித்த வேலைகளுக்கு டிக் அடிக்கத் தினமும் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தை அட்டவணையில் எங்கே நுழைப்பது என்று அடுத்த மாதம் இன்னொரு கடிதம் வரும்.

கேள்வியை என்னவோ சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். நேரம் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்கிறீர்கள். செய்து வருவதெல்லாம் நிமிடத்தை மிச்சம் பிடிக்கிற வேலை. இரண்டும் வேறு வேறு.

மிச்சம் பிடித்த நிமிடம் கையில் தங்காது. பிரிட்டனைச் சேர்ந்த வரலாற்று ஆசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் 'தி எகனாமிஸ்ட்' இதழில் இதைக் கிண்டலாக எழுதினார். எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ, அவ்வளவுக்கும் வேலை வீங்கிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. வேறு சோலி இல்லாத ஒரு மூதாட்டி, உறவுக்காரப் பெண்ணுக்கு ஒரே ஒரு அஞ்சலட்டை அனுப்ப ஒரு நாளையே செலவழிப்பாராம். அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக் கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம், குடையை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்க 20 நிமிடம். கைநிறைய வேலை உள்ளவர் அதையே மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். கரண்ட் பில் கட்டுவதற்கும் நீங்கள் அரை மணிக் கட்டம் போட்டிருந்தால், அது அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்கும். ஃபிரிட்ஜில் இருப்பதைக் கிழித்துவிட்டு, அன்றைக்குக் கட்டாயம் முடிக்க வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போதும்.

அடுத்து, நீங்கள் எப்போது கணக்குப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். இரவு, படுத்த பிறகு. அந்த நேரத்தில் கடிகாரம் உதவாது, ஞாபகம்தான் கணக்குப் பிள்ளை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதைச் சொல்லிவிட்டார். புதுசு புதுசாக நடந்த நாள், நடக்கும்போது சட்டென்று ஓடிவிடும், திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரியும். ஒன்றுமே நடக்காத நாள் நகரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், பின்னால் நினைத்தால் சுருங்கிப் போயிருக்கும்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. பிரான்சைச் சேர்ந்த நிலவியல் ஆராய்ச்சியாளர் மிஷெல் சிஃப்ர், 23 வயதில், 1962 ஜூலை நடுவில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் இறங்கினார். கையில் கடிகாரம் இல்லை, சூரிய வெளிச்சம் கிடையாது. தூக்கம் வந்தால் தூங்குவார், பசித்தால் சாப்பிடுவார், எழுந்ததும் மேலே இருந்தவர்களுக்கு போனில் சொல்வார். அவர்கள் நாளைக் குறித்துக்கொள்வார்கள், இன்றைக்கு என்ன தேதி என்று மட்டும் அவரிடம் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 14 அன்று, 'முடிந்தது, வெளியே வாருங்கள்' என்றபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இரண்டு மாதத்தில் 25 நாள் காணாமல் போயிருந்தது. அவர் சோம்பேறியாகவோ கவனக்குறைவாகவோ இருந்ததால் அல்ல. இருட்டு, குளிர், நேற்று போலவே இன்று. ஒரு நாளை அடுத்த நாளிலிருந்து பிரித்துக் காட்ட அங்கே ஒன்றுமே இல்லை.

நீங்கள் டியூப் லைட் வெளிச்சத்தில் அதையே செய்கிறீர்கள். நேற்று மதியம் டிஃபன் பாக்ஸில் என்ன குழம்பு இருந்தது? சொல்ல முடிகிறதா? ஒன்றரை மடங்கு வேகத்தில் போன வாரம் பார்த்த வீடியோக்களில் எத்தனை ஞாபகம் இருக்கின்றன? ஞாபகத்தில் நிற்காததை எவ்வளவு சீக்கிரம் பார்த்தால் என்ன! கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஆபீசில் யாராவது ஒருவரோடு உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுங்கள். அவர் கொண்டுவந்த பொரியலில் கை வையுங்கள். காவிரி உங்கள் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. கடைசியாக எப்போது கரையில் இறங்கி நின்றீர்கள்? பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையம் போகும்போது வண்டியிலிருந்து பார்த்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாரத்தில் ஒரு சாயங்காலம் வேறு வழியாக வீட்டுக்குப் போனாலே வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

போனைப் பற்றி ஊரே உபதேசம் செய்து முடித்துவிட்டது. நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள், படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அதோடு விட்டுவிடுகிறேன்.

இன்னொரு பழக்கம், கேட்டால் சிரிப்பீர்கள்: நேரம் இல்லாதபோது கொஞ்சம் நேரத்தை யாருக்காவது கொடுங்கள். அமெரிக்காவில் காஸி மோகில்னரும் இன்னும் இருவரும் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அதில் ஒரு சோதனையில் சிலர் 15 நிமிடம் உட்கார்ந்து, படிப்பில் தத்தளிக்கும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தினார்கள். மற்றவர்களிடம், 'கட்டுரை எல்லாம் திருத்தி முடிந்தது, நீங்கள் சீக்கிரமே கிளம்பலாம்' என்றார்கள். கடிகாரப்படி லாபம் கிளம்பியவர்களுக்குத்தான். ஆனால் தங்களுக்கு நிறைய நேரம் இருப்பதாக உணர்ந்தவர்கள், உட்கார்ந்து திருத்தியவர்கள். இன்னொருவருக்குப் பயன்பட்டோம் என்கிறபோது, நம்மால் ஆகும் என்ற தெம்பு வந்துவிடுகிறது. 'எதற்குமே நேரமில்லை' என்று புலம்புகிறவனுக்கு இல்லாதது அந்தத் தெம்புதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கால் மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்.

சரி, இந்த ஆய்வை மட்டும் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டிவிடாதீர்கள். அந்த 15 நிமிடத்துக்கு ஒரு முடிவு இருந்தது. விடியலில் இருந்து அடுப்பை அணைக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பவருக்கு அது பொருந்தாது.

ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் மனைவி ஒரே ஒரு வரியில் வந்து போகிறார், காபியும் கையுமாக. 5 மணிக்கு உங்கள் கையில் டம்ளர் இருக்க வேண்டுமானால் அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? டிகாஷன் இறங்க வேண்டும், பால் பொங்க வேண்டும். அப்புறம் டிஃபன், உங்கள் டப்பா, கழுவ வேண்டிய பாத்திரம். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்த சராசரி அது. எட்டிக்கூடப் பார்க்காதவர்களையும் சேர்த்தால் 88 இன்னும் இறங்கும். நீங்கள் எந்தப் பட்டியல் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கனடாவில் வான்கூவர் நகரத்தில், வேலைக்குப் போகும் 60 பேரிடம் இரண்டு வார இறுதிகளில் ஆளுக்கு 40 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் அந்தப் பணத்தில் ஏதாவது பொருள் வாங்க வேண்டும், இன்னொரு வாரம் நேரத்தை மிச்சப்படுத்தும் எதற்காவது செலவழிக்க வேண்டும். நேரத்தை வாங்கிய நாளில்தான் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். 2017-இல் வந்த ஆய்வு இது. நீங்களோ ஒரு காசு செலவில்லாமல் தினமும் இன்னொருவரின் காலை நேரத்தை வாங்கிக்கொள்கிறீர்கள். வாங்கியும் போதவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

ஞாயிறு காலைச் சமையலறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு 'மனைவிக்கு உதவி' என்று பெயர் வைக்காதீர்கள், நீங்களும்தானே சாப்பிடுகிறீர்கள். டிகாஷன் முதல் தடவை தண்ணீராக இருக்கும், சட்னியில் உப்பு தூக்கலாக இருக்கும், ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும். அந்தக் காலையாவது ஞாபகம் இருக்குமே. அன்றைக்கே, என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேளுங்கள்: உனக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைத்தால் என்ன செய்வாய் என்று. 'தூங்குவேன்' என்றுதான் பதில் வரும் என்பது என் ஊகம். அப்படி வந்தால், மற்ற ஆறு நாளில் எந்தெந்த நாள் காபி உங்களுடையது என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

பதில் வேறாக இருந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் முதல் கேள்வியாகப் போடுகிறேன்.